"சார், இவன் டச்"

கடைக்குப் புதிதாக வாங்கிய எலக்ட்ரானிக் தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க இன்று காலை நானே அதன்மேல் ஏறினேன். தொண்ணூற்றிரண்டு கிலோ. பழைய இரும்பு வாங்கி விற்கிறவன் எடையைப் பார்த்து அசரக் கூடாது. ஆனால் எனக்கு அந்த ஐம்பத்தைந்து கிலோ ஞாபகம் வந்துவிட்டது. கூடவே நீயும் வந்தாய்.

பிளஸ் டூ படிக்கும்போது நம் பிரிவுக் கபடியில் ஐம்பத்தைந்துக்கு மேல் இருந்தால் ஆட விடமாட்டார்கள். போட்டிக்கு மூன்று நாள் முன்பு தக்காளி மண்டித் தராசில் ஏறிப் பார்த்தோம். நீ ஐம்பத்து மூன்று, நான் ஐம்பத்தாறரை. நம் அணியில் ரெய்டு போகிறவர்கள் நாம் இருவர்தான். மாவட்ட அணிக்கு நம் பள்ளியிலிருந்து ஒருவனைத்தான் எடுப்பார்கள் என்று பேச்சு. நான் எடையில் விழுந்தால் அந்த இடம் உனக்கு. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

மறுநாள் உச்சி வெயிலில் நீ இரண்டு ஸ்வெட்டரோடு வந்து நின்றாய். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. வாயில் புளியை அடக்கிக்கொண்டு, ஊறுகிற எச்சிலைத் துப்பித் துப்பிக் கெலவரப்பள்ளி அணை ரோட்டில் ஓடினோம். உடம்பில் இருக்கிற தண்ணீர் எல்லாம் வெளியே போகவேண்டும், அதுதான் அப்போது நமக்குத் தெரிந்த வைத்தியம்.

"நீ எதுக்குடா ஓடுற? உனக்குத்தான் வெயிட் இல்லையே."

"தனியா உட்டா நீ பாதியில டீக்கடையில உக்காந்துக்குவ."

"நான் வெளிய போனா உனக்குத்தான லாபம்?"

"உன்ன கிரவுண்டுல ஜெயிக்கணும் மச்சா. தராசு ஜெயிச்சா எனக்கு என்ன பெரும?"

போட்டி அன்று நூறு கிராம் குறைவாக நின்றேன்.

கிருஷ்ணகிரியில் இறுதி ஆட்டம். இரண்டு பக்கமும் சமப் புள்ளி, எதிரணிக்குக் கடைசி ரெய்டு. ரெய்டு வருகிறவன் யாரையும் தொடாமல், ஒரு புள்ளியும் எடுக்காமல் திரும்பினால் ஆட்டம் நீளும். நீயும் நானும் கைகோர்த்து இடது பக்கம் நின்றோம். அவன் காலை நீட்டினான், நான் பின்னால் இழுத்துக்கொண்டேன், அவன் கோட்டுக்கு ஓடிவிட்டான். நடுவர் புள்ளி இல்லை என்றார்.

நீ என் கையை விட்டாய். "டச் ஆச்சு. வெளிய போ" என்று மெதுவாகச் சொன்னாய். நான் நகரவில்லை. நீ கையைத் தூக்கினாய்.

"சார், இவன் டச்."

ஒரு புள்ளியில் தோற்றோம்.

திரும்பும்போது வேனில் நான்தான் ஆரம்பித்தேன். "டச்சே ஆகல. பொறாம. என் இடம் வேணும்னு போட்டுக் குடுத்துட்டான்." எல்லோரும் நம்பினார்கள். ஸ்வெட்டர் போட்டு என்னோடு ஓடியவன் நீ என்பது அந்த வேனில் நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அதை மட்டும் மறைத்துவிட்டேன். பின்சீட்டில் நீ, "கண்டத சொன்னேன்" என்றாய். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பயிற்சியில் உன்னோடு யாரும் கை கோர்க்கவில்லை. இரண்டு வாரம் வந்தாய், பிறகு நின்றுவிட்டாய். மாவட்ட அணிக்கு நான் போனேன்.

பல வருடம் கழித்து, கழிவுத் தகட்டுக்கு விலை பேச ஒரு கம்பெனிக்குப் போனால், அங்கே குவாலிட்டி செக்கிங்கில் நீ. கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தாய். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுக் கேட்டாய்.

"அன்னிக்கு டச் ஆச்சா இல்லையா? எனக்கு மட்டும் சொல்லு."

"ஞாபகம் இல்ல மச்சா. எத்தன வருஷம் ஆச்சு."

நீ டீயை ஊதிக்கொண்டே சிரித்தாய். "சரி உடு. எனக்கே அப்பப்ப சந்தேகம் வரும், நான்தான் தப்பாப் பாத்துட்டனோன்னு."

வேனில் சொன்ன பொய்யை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடலாம். கேன்டீனில் சொன்னதற்கு அந்தச் சாக்கும் கிடையாது. அப்போது எனக்குச் சொந்தக் கடை, இரண்டு லாரி, கேட்டால் நாலு பேர் வந்து நிற்கிற அளவுக்குப் பேர். அந்தப் பேருக்குப் பயந்துதான் ஞாபகம் இல்லை என்றேன்.

போன மாதம் கம்பெனி பஸ்ஸிலேயே நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய். நம் டீம் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கும்பிடுகிற கையாகப் போட்டார்கள். ஒருவன் எழுதினான்: "நல்ல பிளேயர். அந்த ஒரு விஷயத்துலதான் சறுக்கிட்டான்."

நான் எழுதினேன்: "அவன் சறுக்கல. நான் டச். எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

பிறகு நம் கேப்டன் போன் செய்தான்.

"இத்தன வருஷம் அவன நாங்க என்னென்ன பேசியிருக்கோம். இப்ப சொல்லி என்னடா பிரயோசனம்?"

"ஒண்ணும் இல்ல" என்றேன். அவன் வைத்துவிட்டான்.

அவர்களுக்குச் சொன்னது இருக்கட்டும். கேட்டவன் நீ. இடது கால், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில். ரெய்டு வந்தவனின் கால் நகம் லேசாகக் கீறியது, இரண்டு நாள் எரிந்தது. எந்த இடம் என்று இப்போதும் விரல் வைத்துக் காட்டுவேன். நீ தப்பாகப் பார்க்கவில்லை, மச்சா.