ராசாவுக்குக் கேட்காத பெயர்

என் அன்பு அக்கா,

நீ போய் ஏழு மாதமாகிவிட்டது. உன் நாய்க்குட்டி ராசா நன்றாக இருக்கிறான். ஆனால் இடையில் நான் ஒரு பெரிய தவறு செய்யப் பார்த்தேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன் காரியம் முடிந்ததும் அவனை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அப்போது மூன்று மாதக் குட்டி. வெள்ளை வெளேரென்று, மூக்கு மட்டும் ரோஜா நிறம்.

காலையில் நான் ஜவுளிக்கடைக்கும் என் வீட்டுக்காரர் ஒயரிங் வேலைக்கும் போய்விடுவோம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் செருப்பு, சார்ஜர், கட்டில் கால் எல்லாம் குதறிக் கிடக்கும். "ராசா, விடுலே!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். திரும்பியே பார்க்க மாட்டான். திமிர் என்று நினைத்தேன்.

ஒருநாள் உன் நீலச் சேலையை இழுத்துப் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தான். உன் வாசனை மிச்சமிருந்த ஒரே சேலை. விளக்குமாற்றால் அடித்துவிட்டேன் அக்கா.

"ஏட்டி, எம்புட்டு நாளைக்கு இதோட மல்லுக்கட்ட? வ. புதுப்பட்டி மாந்தோப்புல காவலுக்கு நாய் கேக்காவ. கட்டிப் போட்டு வளப்பாவ. குடுத்துருவோம்" என்றார் அவர். நானும் சரி என்றேன்.

கொடுக்குமுன் தடுப்பூசி போட மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா அவன் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு தகர டப்பாவைத் தட்டினார். பக்கத்தில் நின்ற ஆடுகூடத் துள்ளியது. ராசா அசையவில்லை.

"இதுக்குக் காது கேக்காதும்மா. வெள்ளை நாயில சிலதுக்கு இப்படி இருக்கும்."

"அப்ப நான் வஞ்சதெல்லாம்?"

"ஒண்ணுமே கேட்டிருக்காது. பல்லு விழுந்து முளைக்கிற வயசு, ஈறு அரிக்கும். பகலெல்லாம் தனியா வேற கிடக்கு. கடிக்கத்தான் செய்யும். எதைக் கடிக்கலாமோ அதை நீங்க குடுங்க."

ஆட்டோவில் அவர் ராசாவைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வீடு வந்ததும், "தோப்புக்காரவியகிட்ட நாய் இல்லைன்னு சொல்லிருதேன்" என்றார்.

அன்றே ஒயரும் செருப்பும் அலமாரிக்கு ஏறின. பழைய துண்டை முடிச்சுப் போட்டு, நனைத்து, பிரிட்ஜில் வைத்துக் கொடுத்தோம். அந்தக் குளிர்ச்சியில் ஈறு ஆறியதோ என்னவோ, கட்டிலை மறந்துவிட்டான். வேலைக்குக் கிளம்புமுன் அவர் கண்மாய்க் கரை வரை நடத்திக் கூட்டிப்போகிறார். மத்தியானம் நான் வந்து ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகிறேன். கூப்பிட வேண்டுமானால் தரையைக் காலால் தட்டுகிறோம். அதிர்வு தெரிந்து திரும்புகிறான்.

உனக்கு இது தெரிந்திருந்ததா அக்கா? "கூப்பிட்டா வரமாட்டான்ட்டி, மூஞ்சியப் பாத்தா ஓடி வந்துருவான்" என்று போனில் ஒருமுறை சிரித்தாயே. அந்தச் சேலையில் அவனும் உன்னைத்தான் தேடினானோ? கிழிந்த பாதியை அவன் படுக்கையில் விரித்திருக்கிறேன். மறுபாதி என் பெட்டியில் இருக்கிறது.

போன வாரம் அவருடைய புது பெல்ட் ராசாவின் வாயில். பிடுங்க ஓடிய என்னை, "செத்த பொறு" என்று நிறுத்தினார். எதிரில் உட்கார்ந்து ஒரு கையில் கேரட்டைக் காட்டி, மறு கையை விரித்து நீட்டினார். ராசா கொஞ்சம் யோசித்தான். பிறகு பெல்ட்டை அந்தக் கையில் போட்டுவிட்டு கேரட்டை வாங்கிக்கொண்டான்.

"பாத்தியாட்டி எம் பிள்ளைய!" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது.

இனி அவனை யாருக்கும் கொடுக்க மாட்டேன் அக்கா. அவன்மேல் கை ஓங்கவும் மாட்டேன். அவனுக்குப் புரிகிற மொழியை நான் கற்றுக்கொள்வேன்.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வி