யாசுமி யார் என்று கேட்டாயே

உ

பெரியாத்துத் தோட்டம், செனாவாங் பக்கம்.
சுபானு வருடம், ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

என் மகன் சந்திரனுக்கு உன் அம்மா மயிலம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே காய்ச்சல் கண்டவர்களுக்கு விட்டுவிட்டது, அடுப்பில் வைக்க ஏதோ ஒன்று கிடைக்கிறது, மாரியம்மன் புண்ணியத்தில் எல்லாரும் கண்முன்னே நடமாடுகிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு லாரியைப் பார்த்து ஓட்டிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சிங்கப்பூர் என்று எழுதினால் கடிதம் போகாது, ஜப்பான்காரன் வைத்த சியோனான் என்ற பேரை எழுதினால்தான் போகும் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி முருகேசு ஐயா சொன்னார், அப்படியே எழுதியிருக்கிறேன். உன் கடிதத்தையும் அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். உன் பெண்டாட்டி வள்ளி அப்போது தோட்டக் காட்டில் வேலையில் இருந்தாள், அது நல்லதாய்ப் போயிற்று. யாசுமி யார், அவனோடு என் பெண்டாட்டிக்கு என்ன வேலை, அவளைப் பிள்ளைகளோடு பாரோயில் அவள் அண்ணன் தங்கராஜு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அவள் இருக்கிற வீட்டுக்கு இனி நான் வர மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். பதில் சொல்லாமல் விட மாட்டேன். ஆனால் பெற்ற பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் அத்தனை கோபத்தையும் எழுதியவன் நீ, அதனால் முதலில் அவர்கள் சங்கதியைக் கேள், பிறகு மேலே படி.

நீலாவதி ஜப்பான் பாஷையில் பள்ளிக்கூடத்துக்கே முதல். பெரிய அதிகாரி பார்வையிட வந்தபோது வாத்தியாரே நாக்குக் குழறி நின்றாராம், இவள் முன்னால் போய்க் குனிந்து வணக்கம் சொல்லி முழுப் பாட்டையும் ஒப்பித்திருக்கிறாள். பரிசாக ஒரு சவுக்காரக் கட்டி கொடுத்தார்கள். இந்தக் காலத்தில் சவுக்காரம்! நம் லயத்து வீடுகளில் பாதிப் பேர் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சன்னாசிக்குப் படிப்பு கொஞ்சம் மட்டுதான், அதை மறைக்க மாட்டேன், ஆனால் சதுப்பில் கைவிட்டுக் கெளுத்தி பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது, போன வாரம் பிடித்து வந்ததில் நாலு வீட்டுக்குக் குழம்பு கொதித்தது. நீ போகும்போது வயிற்றில் இருந்த பஞ்சாலை இப்போது தத்தித் தத்தி நடக்கிறாள், பல் முளைத்திருக்கிறது, பேச்சும் வந்துவிட்டது. ஒரே ஒரு குறை, மீசை வைத்த யாரைப் பார்த்தாலும் அப்பா என்கிறாள். கிராணி ஐயாவையே அப்பா என்று கூப்பிட்டுக் காலைக் கட்டிக்கொண்டாள், அந்த மனுசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு ஓடிவிட்டார். அதையும் யாராவது உனக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உனக்கு இதைச் சொன்னது உன்னோடு வேலை பார்க்கும் மாயாண்டி, அவனுக்குச் சொல்லி அனுப்பியது எதிர்வீட்டில் இருக்கும் அவன் அம்மா மங்கம்மா. அவளுக்கு எழுதத் தெரியாது, அந்தப் பக்கம் போன லாரிக்காரன் ஒருவனிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டிருக்கிறாள். அவள் சொன்னது எதுவும் பொய் இல்லை தம்பி. வள்ளி தினமும் காட்டிலிருந்து வந்ததும், அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் தனியாகப் போகிறாள், கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை, உங்கம்மா எங்கேடா என்று கேட்டால் சன்னாசி யாசுமிக்குப் போயிருக்கு என்கிறான். எல்லாம் நடந்ததுதான். லாரிக்காரன் வாயில் ஏறி, மாயாண்டி வாயில் இறங்கி, உன் காதுக்கு வருவதற்குள் அந்த யாசுமிக்குப் பூட்ஸும் வாளும் முளைத்துவிட்டது, அவ்வளவுதான்.

உன் கடிதத்தை நானும் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். நான் வெளிவேலைக்குப் போவதில்லை, கால் வீக்கத்தோடு சின்னதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் கிடக்கிறவள், எனக்கு அந்தப் பேர் தெரியாது. சாயந்திரம் அவள் வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, யாருடி அந்த யாசுமி என்று கேட்டேன். மண்வெட்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள் பார், சிரிப்பு நிற்காமல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நீலாவதிதான் வந்து, அது ஆளு இல்ல லா பாட்டி, யாசுமின்னா ஓய்வு, எங்க வாத்தியாரு லீவு விட்டாக்கூட யாசுமின்னுதான் சொல்வாரு என்று எனக்கு விளக்கினாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டு நின்றுபோய் மரவள்ளி நடுகிற வேலை வந்ததிலிருந்து காட்டில் ஒரு ஜப்பான்காரன்தான் நின்று வேலை வாங்குகிறானாம், நடுவில் விசில் ஊதி யாசுமி என்று கத்துவானாம், உடனே எல்லாரும் மண்வெட்டியை வைத்துவிட்டு உட்காரலாமாம். காட்டுக்குப் போகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரியாதது எனக்கும், காலில் புண்ணோடு வீட்டில் கிடக்கும் மங்கம்மாவுக்கும்தான். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாததால் ஒரு குடும்பம் பிரியப் பார்த்தது.

சிரித்து முடித்த பிறகு வள்ளி ஒன்று சொன்னாள், அதை எழுதத்தான் கிராணி ஐயாவிடம் கெஞ்சி இந்தக் காகிதம் வாங்கினேன். காட்டுல ஜப்பான்காரன் விசிலு ஊதினா மண்வெட்டிய கீழ வைக்கலாம், வீட்டுல எனக்கு யாரு அத்தை ஊதுவா, அதான் நானே ஊதிக்கிட்டேன் என்றாள். சண்டைக்கு இழுக்கிற மாதிரிச் சொல்லவில்லை, அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள். 

நீ இருந்தபோது பார்த்த வள்ளி வேறு தம்பி. இப்போது இருட்டோடு எழுந்து தண்ணீர் எடுத்து, கிழங்கு வேகவைத்து, பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்து, பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஓடி, வெயிலில் கொத்தி, வந்த பிறகு கிழங்கு சீவிக் காயப்போட்டு, கோணிச் சாக்கைக் கிழித்துச் சன்னாசிக்குக் கால்சட்டை தைத்து, என் காலுக்கு ஒத்தடம் கொடுத்து, அதற்கு மேல் மங்கம்மாவின் புண்ணைக் கழுவி வேப்பிலை அரைத்துக் கட்டுவதும் அவள்தான், ஆமாம், அதே மங்கம்மாதான். கொய்னா மாத்திரை கிடைக்காமல் மூன்றாம் லயத்தில் காய்ச்சலில் கிடந்தவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோனதும் அவள்தான். கண் விழித்ததிலிருந்து வள்ளி, அண்ணி, அம்மா, அத்தை என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், நானும் அதில் ஒருத்தி, உட்கார்ந்த இடத்திலிருந்தே வள்ளீ என்று நீட்டுவேன். காட்டுல யாசுமி விடுற நேரத்துலதான் அத்தை என் பேரு யாரு வாயிலயும் வராது, அப்பத்தான் நான் உசுரோட இருக்கேன்னே எனக்குத் தெரியுது என்றாள். என் அண்ணன் பெண் என்பதற்காகச் சொல்லவில்லை, சயாமுக்கு ரயில் பாதை போட ஆம்பிளைகளைப் பிடித்துக்கொண்டு போன பிறகு இந்தத் தோட்டத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்ட பெண்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். இவள் உட்காரவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்து, யாரையும் குறை சொல்லாமல், அதைத் தானே எடுத்துக்கொண்டாள். எனக்கு அந்த வயதில் இந்தப் புத்தி இருந்ததில்லை.

ஒருநாள் பஞ்சாலையை இடுப்பில் வைத்துக்கொண்டு மெல்ல ஆற்றுப் பக்கம் நடந்தேன். வேவு பார்க்க இல்லை, சின்னது அழுதது, காற்றாட நடந்தேன். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டிருந்தாள். கையில் ஒரு கொய்யாப்பழம். முழுசாக ஒன்று. அதை மெதுவாகக் கடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதைக் கொண்டுவந்தாலும் வாசலிலேயே பங்கு போட்டுக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறவள் அவள், உனக்கே தெரியும். அந்தப் பழத்தை யாருக்கும் பங்கு வைக்கவில்லை, விதையைத் துப்பித் துப்பித் தண்ணீரில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னதின் வாயைப் பொத்திக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டேன். நான் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

இப்போது இங்கே என்ன நடக்கிறது தெரியுமா, விசில் என் கையில். அவள் வந்து முகம் கழுவியதும் பழைய பால் வாளியைக் கரண்டியால் தட்டி யாசுமீ என்று நான்தான் கத்துகிறேன். அவள் திரும்பி வரும் வரைக்கும் பிள்ளைகள் எது கேட்டாலும் என்னிடம்தான் கேட்க வேண்டும். முதல் நாள் லயம் முழுக்கச் சிரித்தது, கிழவிக்கு ஜப்பான் பேய் பிடித்துவிட்டது என்றார்கள். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி என் பிள்ளையையும் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா பெரியம்மா என்று வந்து நின்றாள். இப்போது வாளிச் சத்தம் கேட்டால் அங்கொருத்தி இங்கொருத்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். மங்கம்மாவிடம் அர்த்தத்தைச் சொன்னபோது, எனக்கு அதெல்லாம் வாழ்நாள்ல யாரு குடுத்தா என்றாள். இப்போது புண் காலை நீட்டிக்கொண்டு எங்கள் வாசலில் உட்கார்ந்து பிள்ளை பார்க்கிறது அவளும்தான். அவள் மேல் கோபப்படாதே, மாயாண்டியோடும் சண்டைக்குப் போகாதே. இந்தக் கடிதத்தை வழியில் யாராவது பிரித்துப் படித்தால் படிக்கட்டும், தங்கள் பாஷையில் ஒரு நல்ல வார்த்தையை இந்த லயம் எடுத்துக்கொண்டது என்று தெரிந்துகொள்ளட்டும்.

நான் சொல்வது இதுதான். வள்ளி எங்கேயும் போக மாட்டாள். தங்கராஜு வீட்டுக்கு அனுப்புகிற பேச்சை இன்னொரு தடவை எழுதினால் அவளும் பிள்ளைகளும் இங்கேயே இருப்பார்கள், நான் கிளம்பி வந்து உன்னைப் பார்ப்பேன். உன் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை, பாதியைக் கிழித்து அடுப்பு மூட்டினேன், மீதி நாளைக்கு. யாசுமி யார் என்று உங்களிடம் யார் கேட்டார்கள் என்று அவள் என்னைக் கேட்டபோது, ஊரே கேட்கிறது என்று மழுப்பிவிட்டேன். அவளுக்கென்று தனியாக நீ ஒரு கடிதம் எழுது. மன்னிப்பெல்லாம் வேண்டாம், அவள் எதை மன்னிப்பது என்று குழம்புவாள். எப்படியிருக்கிறாய், களைப்பாக இருக்கிறதா என்று கேள், உன்னிடமிருந்து அது போதும். கடற்கரைக் காற்றில் வெறும் உடம்போடு படுக்காதே, ராத்திரி லாரி ஓட்டச் சொன்னால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு. மாரியம்மன் உன் கூடவே இருந்து, போன வழியே உன்னைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து எங்கள் நடுவில் உட்கார வைக்க வேண்டும்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. இங்கே இருக்கிற உன் போட்டோவில் ஈரம் ஏறி மீசைக்கு மேலே எல்லாம் வெள்ளையாகிவிட்டது, பஞ்சாலை சட்டைப் பொத்தானுக்குத்தான் முத்தம் கொடுக்கிறாள். அங்கே போட்டோக் கடைகள் நிறைய உண்டு என்கிறார்கள். புதுசாக ஒன்று பிடித்துத் தபாலில் அனுப்பு, கடிதத்தில் இருந்த முகத்தோடு வேண்டாம், சிரித்த முகமாகப் பிடி. வந்ததும் வள்ளி கையிலேயே கொடுத்துவிடுகிறேன், ஆனால் வாளி தட்டின பிறகு தபால் வந்தால் அவள் ஆற்றிலிருந்து திரும்பும் வரைக்கும் என் முந்தானையில்தான் இருக்கும், அந்த நேரத்தில் உன் முகத்துக்குக்கூட அங்கே இடமில்லை தம்பி.

இப்படிக்கு,
உன் வரவையும் போட்டோவையும் பார்த்திருக்கும் அம்மா,
மயிலம்மாள்.