விசாரணைக்கு முதல்நாள் குடித்த தேநீர்

1938 ஆவணி 9, வியாழன்

சாவகச்சேரியில் மின்சாரக் கம்பனி இயந்திரசாலை கட்டக் கேட்கும் காணி பற்றி நாளை அரசாங்க அதிகாரியாக நான் விசாரிக்க வேண்டும். எண்ணெய் ஊறித் தன் கிணறு கெட்டுவிடும் என்று பக்கத்து வளவுக்காரி செல்லம்மா ஆட்சேபித்திருக்கிறார்.

இன்று கொழும்பிலிருந்து வந்த மந்திரி, தாம் தங்கியிருந்த வாடிவீட்டுக்கு என்னை அழைத்தார். போனால், கம்பனி மனேச்சரும் அங்கே இருந்தார். காணியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மந்திரி நல்ல மனிதர். ஊருக்கு வெளிச்சம் வரவேண்டுமென்ற அவசரம் அவருக்கு. தேநீர் குடித்துவிட்டு மூவரும் சிரித்தபடி வெளியே வந்தபோது, எதிரே செல்லம்மா நின்றார்.

"ஐயா, நாளைக்கு நான் வரத் தேவையில்லையோ?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"ஒண்டும் முடிவாகேல்லை, அம்மா. கட்டாயம் வாங்கோ."

"அப்ப ஏன் இண்டைக்கு என்னையும் கூப்பிடேல்லை?"



வீட்டுக்கு வந்ததும், விசாரணையை வேறொருவரிடம் ஒப்படைக்கும்படி மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். தேநீர் குடித்ததையும் மறைக்கவில்லை.

மனைவி வாசித்துப் பார்த்தாள். "இதுக்குப் பிறகு உங்களுக்கு ஆர் உத்தியோக உயர்வு தாறது?" என்றாள். பிறகு அவளே உறையை ஒட்டித் தந்தாள்.

காலையில் செல்லம்மாவிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும். நம்புவாரோ தெரியாது.