முனைவீட்டுச் செம்பருத்தி வேலி

கிள்ளான்,
ஞாயிறு.

அன்புள்ள சர்மினி அப்பாவுக்கு,

இங்கே நானும் மகளும் நலம். பிந்துலுவில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் எதைச் சொன்னாலும் பாதியில் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பும் உங்கள் வேலைக் கூட்டாளி லோகனிடம் கொடுத்தனுப்புகிறேன். முழுதாகப் படியுங்கள்.

நம் செம்பருத்தி வேலியை வெட்டியாகிவிட்டது. முனைவீடு என்பதால் இடுப்பு உயரத்துக்கு மேல் வேலி இருக்கக் கூடாதாம். சந்திலிருந்து திரும்பும் வண்டிகளுக்குக் கண் மறைக்கிறது என்று நகராண்மைக் கழகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. நீங்கள் சொன்னபடி நம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி. ஆபீசுக்கும் போனேன், கையை விரித்துவிட்டார்கள். கீமோவில் முடியெல்லாம் கொட்டிய பிள்ளை, சாயங்காலம் அந்த வேலி மறைவில்தான் கொஞ்சம் காற்று வாங்குகிறாள் என்று கழகத்து அதிகாரியிடம் அழாத குறையாகச் சொன்னேன். அந்த அம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும், "அக்கா, மோட்டார் சைக்கிள்ல வர்றதும் யாரோ பெத்த பிள்ளதானே" என்றார்.

வெட்டிய அன்றிலிருந்து சர்மினி வாசலுக்கே வரவில்லை. ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டாள்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். எதிர்வீட்டு ரியாஸ் தம்பி, போர்ட் கிள்ளானில் வேலை முடிந்து வந்ததும் தன் லோரியை நம் வேலியோரம் நிறுத்த ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டால், அவர் வீட்டு முன்னால் ரோடு சாய்வாக இருக்கிறதாம், பிரேக் தாங்காதாம். இத்தனை வருஷம் தாங்கிய பிரேக்! லோரி மறைவில் மகள் மறுபடி வெளியே வந்து உட்கார்ந்தாள். கண் மறைக்கிறது என்று செடியை வெட்டிய இடத்தில் லோரி நிற்கிறதே என்று எனக்கு உறைக்கத்தான் செய்தது. பெற்ற மனசு, வாயை மூடிக்கொண்டேன்.

புதன்கிழமை ரியாஸ் மனைவி சல்மா நமக்கு நோன்புக் கஞ்சி எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தாள். சந்திலிருந்து திரும்பிய மோட்டார்க்காரனுக்கு லோரி மறைத்ததில் அவளைத் தெரியவில்லை. கடைசி நேரத்தில்தான் பிரேக் பிடித்தான். கஞ்சி ரோடெல்லாம் கொட்டியது. ஆண்டவன் புண்ணியம், சல்மாவுக்கு அடி இல்லை. நான் செருப்பைத் தேடுவதற்குள் சர்மினி வெளியே ஓடியிருந்தாள், தலையில் துணிகூட இல்லாமல். நடுங்கிய சல்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றாள். தெருவே வெளியே வந்து பார்த்தது. ரியாஸ் பதறி வந்ததும், "அண்ணே, லோரிய எடுங்க லா. பாக்கறவங்க பாத்துட்டுப் போகட்டும்" என்றாள். அவர் உடனே எடுத்தார்.

மறுநாளிலிருந்து அந்தக் குட்டை வேலிக்குப் பின்னால்தான் உட்காருகிறாள். பக்கத்து வீட்டு வீரம்மா ஆன்டி வைத்த கண் வாங்காமல் நின்றார். "முளைக்கும் ஆன்டி, அவசரப்படாதீங்க" என்று இவள் சொல்ல, இருவரும் சிரித்துவிட்டார்கள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று!

இனி உங்கள் விஷயம். வீடியோவில் கூப்பிடச் சொன்னால் அங்கே லைன் இல்லை என்கிறீர்கள். லோகன் தன் பிள்ளைகளை அங்கிருந்துதான் தினமும் வீடியோவில் பார்க்கிறாராம். கோபத்தில் எழுதவில்லை. அவளைப் பார்த்தால் உடைந்துபோவீர்கள் என்று எனக்குத் தெரியும். மருந்து சாப்பிட்டாளா என்று கேட்கும்போதே உங்கள் குரல் கம்மிவிடுகிறது. ஆனால் அவளுக்கு அது தெரியாதே. போனை வைத்ததும், "அப்பாவுக்கு என்னைப் பாக்கப் பிடிக்கலையாம்மா?" என்று கேட்கிறாள்.

பெருநாள் லீவுக்கு வாருங்கள். வரும் வழியெல்லாம் முருகன் உங்களுக்குத் துணையாக இருக்கட்டும். அழுகை வந்தால் அவள் முன்னாலேயே அழுங்கள், அவள் தாங்குவாள். தெருவே அவளைப் பார்த்துவிட்டது. அப்பா பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

உங்கள்
லோகேஸ்வரி