திரும்பிப் பார்க்காத கை

நோட்டை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். அந்த வாசம். கிரீஸும் வாடிய தேயிலைக் கொழுந்தும்.

பெரகல சந்தி. நம் தேநீர்க் கடை, நம் மேசை. நீ காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாமல் எட்டு மாதம். நேற்று பதுளைக் கண்காட்சி மண்டபத்தில் நாம் செய்த கை ஆடியது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கேதான் யோசிப்போம், பஸ் வரும்வரை. உன் சட்டம் ஒன்றே ஒன்று: தேத்தண்ணி ஆறும்வரை யாரும் 'முடியாது' என்று சொல்லக் கூடாது. நீ சொல்வாய், நான் எழுதுவேன். பனி இறங்கினால் தானாக விரியும் குடைகள். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆளில்லாமல் நடந்துவந்து வரிசையில் நிற்கும் சப்பாத்துகள். தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் தப்பு மேளம். மேள யோசனையை நீயே வெட்டினாய்.

"அதுக்கு எங்க சித்தப்பா இருக்காரு மச்சான். மெஷின் செஞ்சா என்னையத்தான் அடிப்பாரு."

பதினேழாவது யோசனை, கொழுந்து பறிக்கும் கை. கொழுந்து எடுப்பது பெரிதில்லை என்றாய். பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாக முதுகுக் கூடைக்குள் வீசுவது, அதுவும் திரும்பிப் பார்க்காமல். "அதுதான் மச்சான் ஆட்டம்."

பழைய பஸ்ஸின் வைப்பர் மோட்டார். சைக்கிள் செயின். அலுமினிய விரல்கள். ஆள் உயர இரும்புச் சட்டகம், அதன் தலையிலிருந்து கயிற்றில் தொங்கும் கூடை. கை எடுத்தது, வீசியது. எல்லாம் தரையில். முழங்கையை மாற்றினோம். வேகத்தை மாற்றினோம். மாதக்கணக்கில் தரையில்.

கேமரா ஒன்று வைப்போம், கூடையைப் பார்த்து வீசட்டும் என்றேன். உனக்குக் கோபம் வந்தது.

"எங்க அக்கா முதுகுல கண்ணா வச்சிருக்கா?"

தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அக்காவிடமே கேட்கலாம் என்றதற்கும் மறுத்தாய். முடித்துவிட்டுத்தான் காட்ட வேண்டுமாம். கேமராச் சண்டை தீரவே இல்லை.

நேற்று மத்தியானம் கேமரா என் சட்டைப்பையில் இருந்தது. ஸ்குரூ டிரைவர் கையில். வைக்காவிட்டால் மண்டபம் சிரிக்கும். வைத்தால் அது உன் கை இல்லை.

அப்போது உன் அக்கா வந்தார். வேலைக்கு லீவு போட்டு, அப்புத்தளையிலிருந்து ஒரு பை நிறையப் பச்சைக் கொழுந்தோடு. ஒருமுறை ஓட்டிக் காட்டினேன். தரையில்.

"கேம்பஸ் போயி ரெண்டு பேரும் இதத்தான் படிச்சீங்களா தம்பி?"

"கை சரியில்லக்கா. அதான் கேமரா வைக்கலாம்னு..."

"கையில ஒரு கொறையும் இல்ல. கயிறுதான் நீளம். கூடை இடுப்புக்குக் கீழ கெடந்தா நான் வீசுனாலும் வெளியதான் விழும்."

முடிச்சை அவிழ்த்தார். கூடையை ஒரு சாண் உயர்த்திக் கட்டினார். சுவிட்சை அவரே போட்டார்.

உள்ளே விழுந்தது.

மறுபடியும். உள்ளே.

நான் கூடையைப் பார்த்தேன். அவரோ அந்த இரும்புக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரும்புத் தோளை மெல்லத் தொட்டார்.

"வலது தோளு தூக்கியிருக்கே. என்னையப் பாத்தா செஞ்சான்?"

"ஆமாக்கா."

"எனக்கே தெரியாது, நான் இப்பிடி நிக்கிறேன்னு."

மாலையில் யாரும் சிரிக்கவில்லை. பிடி பிடியாகக் கூடை நிறைந்தது. கை ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அக்கா முன்வரிசையில், வலது தோளைச் சற்றே தூக்கி உட்கார்ந்திருந்தார்.

கேமரா உறை பிரிக்காமல் பெட்டியின் அடியில் கிடக்கிறது. சண்டையில் நீ ஜெயித்தாய். கயிற்றை நாம் இருவருமே பார்க்கவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

நோட்டில் புதுப் பக்கம். பதினெட்டு என்று போட்டிருக்கிறேன். உன் பழைய யோசனைதான், வரிசையில் வந்து நிற்கும் சப்பாத்துகள். இந்த முறை முதலிலேயே அக்காவைக் கூப்பிடுவேன்.

எப்படி நடக்க வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. தேத்தண்ணியும் இன்னும் ஆறவில்லை.