மகளின் மணிக்கட்டில் உன் கையெழுத்து

மச்சாள்,

நேற்றுக் காலை குசினிக்குள் ஒரு மருந்து வாசம் வந்தது. மீன் கழுவிக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். முதல்நாள் பின்னேரம்தான் கொழும்பிலிருந்து வந்திறங்கிய டிலானி, யன்னலோரம் நின்று இடது மணிக்கட்டில் ஏதோ களிம்பு பூசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை மறைக்கவில்லை, நீட்டிக் காட்டினாள். சிவந்து லேசாக வீங்கியிருந்த தோலில், கறுப்பு மையில், ஒரே ஒரு சொல் பச்சை குத்தியிருந்தது: ‘ஆறிடும்.’

அச்செழுத்தாக இருந்திருந்தால், பத்தொன்பது வயதில் பச்சை குத்திக்கொண்டு வந்து நிற்கிறாளே என்று மட்டும் கோபப்பட்டிருப்பேன். ஆனால் அந்த ‘றி’யின் சுழி மேலே எழும்பி, வேண்டாத இடத்தில் இன்னொரு தரம் சுருண்டிருந்தது. எட்டாம் வகுப்பில் எனக்குப் பக்கத்து மேசையிலிருந்து நீ எழுதிய ‘றி’ அது. ரீச்சர் எத்தனை தரம் சொல்லியும் நீ திருத்திக்கொள்ளாத ‘றி’. என் பிள்ளையின் தோலில், இனி அழியாதபடி, உன் கையெழுத்து.

நீ போய்ப் பதினொரு மாதமாகிறது. செத்துப் போனவள்மேல் பொறாமைப்படக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பட்டேன். மீனைச் சட்டியோடு போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கட்டிலில் இருந்துவிட்டேன்.

இந்தப் பொறாமை நேற்று வந்ததில்லை. அவளுக்கு ஒரு வயது நிரம்பிய மாதம் வீட்டில் வைத்துக் காது குத்தினோம். நான் பார்க்கமாட்டேன் என்று கிணற்றடிக்கு ஓடினேன். நீதான் மடியில் வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அலறல் ஓய்ந்தபின் வந்து பார்த்தால், இரண்டு காதிலும் பொட்டுப்போல ரத்தத்தோடு அவள் உன் தோளில் விக்கிக்கொண்டிருக்கிறாள். “வாங்க ராசாத்தி” என்று கையை நீட்டினேன். முகத்தைத் திருப்பி உன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று பகல் முழுக்க உன்னோடு நான் சரியாகக் கதைக்கவில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய்.

பள்ளிக்கூடத்தில் ஒன்றாக இருந்தோம். உன் அண்ணனை எனக்குக் கட்டிவைக்க வீட்டுக்கு வீடு நடந்தவளும் நீதான். அப்படிப்பட்ட உன்னைப் பற்றி இப்படி ஓர் எண்ணம் எனக்குள் இருந்தது என்று யாரிடம் சொல்வது?

அவளுக்குப் பதினாறு வயது. ஓ.எல். சோதனை எழுதி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஒருநாள் மத்தியானம் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு, காதின் மேல்விளிம்பில் ஒரு வளையம் போட வேண்டும் என்றாள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். குடும்பப் பிள்ளைகள் அப்படிச் செய்வதில்லை என்றேன்.

“ஒரு வயசில என்னைக் கேட்டா காது குத்தினீங்க?”

நான் அவளுடைய கோப்பையில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன். உன் அண்ணன்தான் குரலை உயர்த்தினார். “இந்த வீட்டில காதிலயும் மூக்கிலயும் கண்ட இடத்தில ஓட்டை போட ஏலாது. உடம்பு ஆண்டவர் தந்தது.”

அவள் அவருடைய முழங்கையைப் பார்த்தாள். பதினெட்டு வயதில் மீனவர் தங்கும் வாடியில் வைத்துக் கூட்டாளி ஒருவன் பச்சை குத்திவிட்ட நங்கூரம் அதில் இருக்கிறது. “அப்ப அது?”

“அது கடலுக்குப் போற ஆம்புளையள் குத்திறது. நீ பொம்புளைப் புள்ள.”

பின்னேரம் நீ வந்தபோது அவள் வழக்கை உன்னிடம் கொண்டுவந்தாள். நீ தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, “கீழ குத்தினா பக்தி, மேல குத்தினா பாவமா, மச்சாள்?” என்றாய். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எத்தனையோ மாதமாக அந்தப் பிள்ளை என் முன்னால் அப்படிச் சிரித்திருக்கவில்லை. நீ ஒரு சொல்லில் செய்துவிட்டாய்.

என் பயம் உனக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். பூசை முடிந்து கோவில் வாசலில் பெண்கள் கூடி நிற்கும்போது, ஒருத்தியின் மகள் மூக்குத்தி போட்டதற்கே என்ன கதையெல்லாம் கதைத்தார்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். கேட்டதென்ன, நானும் தலையாட்டியிருக்கிறேன். நான் மொண்டசூரி ரீச்சர். அவர்களுடைய பிள்ளைகளெல்லாம் என்னிடம்தான் வருகின்றன. நாளைக்கு அந்த வாய்களுக்குள் என் பிள்ளை போய் விழக் கூடாது என்று இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நற்கருணை வாங்க வரிசையில் அவள் எனக்கு முன்னால் நின்றாள். கடற்காற்று பக்கக் கதவால் வந்து அவளுடைய முக்காட்டை விலக்கியது. மேல்காதில் மெல்லிய வெள்ளி வளையம். யாருடைய கை என்று எனக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை; கற்பிட்டியில் பார்லர் வைத்துக் காது குத்துகிறவள் நீதானே. நற்கருணை வாங்காமலே வெளியே வந்து, பஸ் ஏறிக் கற்பிட்டிக்கு வந்தேன்.

உன் பார்லரில் கல்யாணப் பெண் ஒருத்தி முகத்தில் பூச்சோடு இருந்தாள். அவளுடைய தாயும் இருந்தாள். நான் யாரையும் பார்க்கவில்லை.

“என்ட புள்ளையின்ட காதில கை வைக்க உனக்கு ஆர் உரிமை தந்தது? தாயோட வந்தாத்தான் குத்துவன் எண்டு சட்டம் வச்சிருக்கிறியே, அந்தச் சட்டம் எங்க போனது?”

நீ கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாய். “என்ட பிழைதான் மச்சாள்” என்றாய். அவ்வளவுதான். நீ வாதாடியிருந்தால் நான் அந்த அடுத்த சொல்லைச் சொல்லியிருக்க மாட்டேன்.

“உனக்குப் பொம்புளைப் புள்ள இல்லாத குறைக்கு என்ட புள்ளைய எடுக்கப் பாக்கிறாய்.”

கல்யாணப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். நீ பஞ்சை மறுபடி கையில் எடுத்தாய். உன் முகம் மட்டும் வெளிறிப் போனது.

அதன் பிறகு இரண்டு வருடம் நாம் கோவிலில் தலையசைத்துக்கொண்டோம், உறவுக் கல்யாணங்களில் ஒரே பந்தியில் இருந்தோம், அவ்வளவே. அவளை உன் பக்கம் போக வேண்டாம் என்றேன். போனாள். கச்சான் கொறித்துக்கொண்டு உன் பார்லர் வாசலில் அவள் இருந்ததைப் பஸ்ஸிலிருந்து ஒருதரம் கண்டேன். நீ அவளுடைய தலைமயிரைப் பின்னிக்கொண்டிருந்தாய். என்னிடம் அவள் தலையைத் தந்து ஐந்தாறு வருடமாகியிருந்தது. பஸ் போன தூரமெல்லாம் அந்தப் பின்னலையே நினைத்துக்கொண்டு போனேன்.

பிறகு உனக்கு டெங்கு என்றார்கள். புத்தளம் ஆஸ்பத்திரிக்கு மூன்றாம் நாள்தான் வந்தேன். பப்பாசி இலைச் சாறு பிழிந்து போத்தலில் கொண்டு வந்தேன். குடிக்கக் கொடுக்கலாமா என்று தாதியிடம் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். டிலானி உன் கட்டிலோரம் இருந்து உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். “மச்சாள், அவட காது வடிவா ஆறிட்டு. பாத்தியா?”

“அத இப்ப ஏன் கதைக்கிறாய்? படு” என்றேன்.

ஐந்தாம் நாள் நீ போய்விட்டாய். உனக்கு நான் கடைசியாகச் சொன்னது அதுதான்.

நேற்று நான் கட்டிலில் போய் இருந்த கொஞ்ச நேரத்தில் டிலானி பின்னாலேயே வந்தாள். நான் ஏசுவேன் என்று காத்து நின்றாள். நான், “அந்தச் சொல்ல எங்க எடுத்தாய்?” என்று மட்டும் கேட்டேன். அவள் பேர்சைத் திறந்து நாலாக மடித்த ஒரு கடதாசியை எடுத்துத் தந்தாள். உன் பார்லர் ரசீதின் பின்பக்கம். ‘கையால தொடாத. உப்புத் தண்ணியில ரெண்டு நேரம் கழுவு. பயப்பிடாத, ஆறிடும்.’

அப்போதுதான் அவள் முழுக் கதையையும் சொன்னாள், மச்சாள். மூன்று வருடமாக எனக்குத் தெரியாத கதை. நான் வேண்டாம் என்ற அந்தக் கிழமையே, குளியலறைக்குள் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு, என் தையல் பெட்டியிலிருந்த ஊசியால் அவள் தானாகவே குத்தியிருக்கிறாள். நாலாம் நாள் காது வீங்கிச் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்திருக்கிறது. மயிரை விரித்துப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னாலேயே நடந்து திரிந்திருக்கிறாள். சோதனை முடிந்த அலுப்பு என்று நினைத்து நான் மல்லித்தண்ணி கொடுத்திருக்கிறேன். அவள் உன்னிடம் வந்து, அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் காதையே காட்டினாளாம். நீ பார்லரைப் பூட்டிவிட்டு டொக்டரிடம் கூட்டிப் போனாயாம். காது முழுக்க ஆறி வந்தபிறகு, விட்டால் மறுபடி ஊசியை எடுப்பாள் என்று பயந்து, நீயே சுத்தமாகக் குத்திவிட்டாயாம்.

“டொக்டர் மாமியப் பாத்து, அம்மாவா எண்டு கேட்டார்” என்றாள்.

“மாமி என்ன சொன்னா?”

“ஓம் எண்டா.”

உன்னை எவ்வளவு தப்பாக நினைத்துவிட்டேன் என்று அந்த இடத்தில் நான் அழுதிருக்க வேண்டும். அழுதேன்தான், ஆனால் அது பிறகு. முதலில் எனக்கு வந்தது அந்த ‘ஓம்’மின்மேல் எரிச்சல். காய்ச்சலாய்க் கிடந்த என் பிள்ளையின் நெற்றியில் கைவைத்து, எனக்குரிய இடத்தில் நின்று, ஒரு தயக்கமும் இல்லாமல் நீ சொன்ன ‘ஓம்’. நான் வந்து கத்தியபோது நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் வாயடைத்துப் போயிருப்பேன். பிள்ளைக்குக் கொடுத்த சத்தியத்துக்காக, கல்யாண வீட்டாருக்கு முன்னால் அத்தனை ஏச்சையும் வாங்கினாய். அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

உன் அண்ணன் இப்போது உச்சமுனைப் பக்கம் தொழிலுக்குப் போயிருக்கிறார். சனிக்கிழமை வருவார். பச்சையைக் கண்டதும் குதிப்பார். நான்தான் சம்மதித்தேன் என்று சொல்லப்போகிறேன். டிலானியிடமும் சொல்லிவிட்டேன். அவள் ஆச்சரியத்தோடு பார்த்தாள். அன்பினால் மட்டும் செய்கிறேன் என்று நினைக்காதே. அவளுக்காக ஏச்சு வாங்கிய ஆள் நீ ஒருத்தியாகவே இருந்துவிடக் கூடாது, அதுதான்.

நேற்று மத்தியானம் சாப்பிட்டு முடித்தபிறகு அவள் போகாமல் மேசையிலேயே இருந்தாள். விரலால் மேசைச் சீலையைத் தேய்த்துக்கொண்டு, “அம்மா, இன்னொரு விசயம் கதைக்கணும்” என்றாள்.

என் வாயில் முதலில் வந்த கேள்வியைக் கேள். “மாமிக்குத் தெரியுமா?”

அவள் சிரித்துவிட்டாள். “மாமி போன பிறகு நடந்தது, அம்மா. ஒருத்தருக்கும் தெரியா. உங்களுக்குத்தான் முதல்ல சொல்றன்.”

சொன்னாள். சின்ன விசயம் இல்லை, மச்சாள். இரண்டு தரம் ‘வேணாம்’ என்று தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினேன். கோவில் வாசல் ஒருதரம் கண்ணுக்கு முன்னால் வந்து போனது. அதையும் போகவிட்டேன். ஒரு மணித்தியாலம் அவள் கதைக்க நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கோப்பைகள் காய்ந்து போயின. கடைசியில், “ஏசமாட்டீங்களா?” என்றாள். “யோசிக்கிறன். ஏசத் தோணினா ஏசுவன். ஆனா நீ என்னட்டத்தான் வரணும்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு உன் கல்லறைக்கு வருவேன். பார்லரில் வைத்துச் சொன்ன அந்தச் சொல்லுக்கு அங்கே மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பேன். ஆஸ்பத்திரியில் நான் சொல்லாமல் விட்டதையும் சொல்வேன்: ஓம் மச்சாள், காது வடிவாகத்தான் ஆறியிருக்கிறது. உன் ஆண் பிள்ளைகளைப் பற்றி, உன் பார்லரைப் பற்றி, ஊர்க் கதை எல்லாவற்றையும் சொல்வேன்.

ஆனால் டிலானி நேற்று மேசையில் இருந்து என்னிடம் சொன்னதை மட்டும் சொல்லமாட்டேன். நீ எத்தனை கெஞ்சினாலும் சொல்லமாட்டேன். அது எனக்குச் சொன்னது.