இடது கண் மூடவில்லை

ஜூலை 3, வியாழன்
விடியும்போதே மழை. மூன்று வாரத்துக்குப் பிறகு இன்று தெருக்கூட்டும் வேலைக்கு. கோட்டு, துடைப்பம், கண்ணுக்குச் சொட்டு மருந்து.
முக நரம்பு என்றார் டாக்டர். சரியாகலாம், ஆகாமலும் போகலாம். வாய் கோணல். இடது கண் மூடவே இல்லை.
வருகைப் பதிவு சூப்பர்வைசர் பிஜுவின் போனில். முகம் காட்டி, கண் சிமிட்ட வேண்டும். ஆறு தடவை காட்டினேன். ஆறு தடவையும் சிவப்பு.
"சேச்சியை எனக்கறியாம். பட்சே போன் சம்மதிக்கணுமே."
என்னைத் தெரியுமாம், ஆனால் போன் ஒத்துக்கொள்ள வேண்டுமாம். பதினெட்டு வருடமாக என்னைப் பார்க்கிறவர்.

ஜூலை 4, வெள்ளி
ஆபீஸ். முகத்தைப் புதிதாகப் பதியச் சொன்னேன். அதற்கும் சிமிட்ட வேண்டுமாம். கிளார்க் பெண் நல்லவள்தான், நாற்காலி போட்டாள்.
"ரெண்டு கண்ணும் மூடித் திறந்தாத்தான் உயிருள்ள ஆளுன்னு எடுக்கும், சேச்சி."
கையெழுத்துப் போடட்டுமா என்றேன். நோட்டே இல்லையாம்.

ஜூலை 7, திங்கள்
குடை பிடிக்கத் தங்கை வசந்தா கூட வந்தாள். என் பழைய முகச் சாயல் அவளுக்கு. பிஜு விளையாட்டாகப் போனை அவள் பக்கம் திருப்பினார். சிமிட்டினாள். பச்சை. கீழே என் பெயர், சித்ரா.
பிஜு சுற்றுமுற்றும் பார்த்தார். "சேச்சி போய்த் தூத்துக்கோ."
மிளகுக் கிடங்குத் தெரு முழுக்க நான்தான் கூட்டினேன். வசந்தா, பாத்திரம் கழுவுகிற ஹோட்டலுக்குப் போய்விட்டாள்.

ஜூலை 11, வெள்ளி
தினமும் காலையில் வசந்தா வந்து சிமிட்டிவிட்டுப் போவாள். இன்று மத்தியானமும் திடீரென்று முகம் கேட்டது. வசந்தா ஹோட்டலில். கூப்பிட்டோம், முதலாளி விடவில்லை. போனில் எனக்கு ஆப்சென்ட். கையில் துடைப்பத்தோடு நிற்கிறேன்.
பிஜு தலை நிமிரவில்லை. "இனி என் ஜோலியும் போகும். போன் ஒத்துக்கிற ஆளு வரட்டும், சேச்சி."

ஜூலை 13, ஞாயிறு
நிரந்தர வேலை, விட முடியாது. வசந்தாவை ஹோட்டல் வேலையை விட்டு எனக்குப் பதில் போகச் சொன்னேன். அழுதாள்.
"அக்கா, சித்ரான்னு கூப்பிட்டா நான் திரும்பணுமா?"
"திரும்பு."

ஜூலை 14, திங்கள்
மழை விட்டது. ஐந்தரைக்குக் கிளம்பினாள். என் கோட்டு அவளுக்குத் தொளதொள.
எட்டு மணிக்குச் சொட்டு மருந்து. கஞ்சி. வேறு வேலை இல்லை.
குழாயடியில் புதிதாகக் குடிவந்த பெண் கேட்டாள், "சித்ரா சேச்சி வேலைக்குப் போயாச்சா?"
போயாச்சு என்றேன்.